கனவு என்று தெரிந்ததும் விழிப்பு வந்துவிடுகிறதா?

'இது கனவு' என்று கனவுக்குள்ளேயே புரிந்துவிடும். அந்தக் குஷியிலேயே தூக்கம் கலைந்துவிடும். எனக்கிருந்த தொல்லை இதுதான். இப்போது புரிந்த கையோடு, கனவிலேயே உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்க்கிறேன். சூடு தெரிகிறது, காட்சி நிலைக்கிறது. சந்தேகமா? மூக்கைப் பொத்தி மூச்சிழுப்பேன்; மூச்சு வந்தால் கனவுதான். கனவுகள் அதிகம் வரும் ரெம் தூக்கம் (மூடிய கண்கள் வேகமாக அசையும் கட்டம்) விடியலை ஒட்டித்தான் நீளும், அதனால் முயற்சியெல்லாம் அப்போதுதான். 1975இல் பிரிட்டிஷ் உளவியலாளர் கீத் ஹெர்ன் ஆய்வகத்தில் பதிவுசெய்த, 'இது கனவு' என்று உணர்ந்தவர் தூக்கத்திலேயே காட்டிய கண்ணசைவுச் சைகைகளும் ரெம் தூக்கத்தில் வந்தவையே.

கனவில் துரத்தும் உருவத்தை ஒருநாள் திரும்பி நின்று, "என்ன வேணும்?" என்று கேட்டேன். அப்புறம் அந்தக் கனவு வரவில்லை. பகலிலும் யாராவது கத்தினால் ஒரு கணம் நின்றுதான் பதில் சொல்கிறேன். ஆனால் இரவு நடுவில் அலாரம் வைத்து எழுந்து, மறுபடி தூங்கி இப்படிக் கனவு காண முயலும் முறையை வேலைநாட்களில் தொடுவதில்லை. மறுநாள் முழுக்கத் தலை கனக்கும்.