காலாட்படை அதிகாரியாக விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலாட்படையில் அதிகாரியாகச் சேர நினைப்பவர்களிடம் காரணம் கேட்டால், சீருடை, நாட்டுப்பற்று, சாகசம், மேசைக்குள் அடைபடாத வாழ்க்கை என்ற பதில்கள் உடனே வருகின்றன. தாம் பொறுப்பேற்கப்போகும் சிப்பாய்களைப் பற்றிய பேச்சு அரிதாகவே எழுகிறது. இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மறதியிலிருந்தே கிளைக்கின்றன என்று நான் கருதுகிறேன். பயிற்சியை முடித்து வெளியே வரும் புதிய லெப்டினன்டிடம், ராணுவத்துக்கு ராணுவம் எண்ணிக்கை சற்று மாறினாலும், ஏறத்தாழ 30 பேர் கொண்ட ஒரு பிளாட்டூன் ஒப்படைக்கப்படுகிறது. அவருக்கு வயது பெரும்பாலும் 22 அல்லது 23தான் இருக்கும். அந்த 30 பேரில் அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் இருப்பார்கள், பள்ளியை விட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்களும் இருப்பார்கள். அவர்களுடைய பயிற்சி, உடல்நலம், ஒழுக்கம், உயிர் ஆகிய அனைத்துக்கும் அன்று முதல் அவரே பதில் சொல்ல வேண்டியவர்.

ஆகவே முதல் தவறு, போர்க்களக் காட்சிகளை மட்டும் மனத்தில் வைத்து முடிவெடுப்பது. பணிக்காலம் முழுவதையும் கூட்டிப் பார்த்தாலும், எதிரியின் முன் நிற்கும் நாள்கள் அதில் மிகச் சிறிய பங்கே. பலருக்கு அப்படி ஒரு நாள் வராமலே ஓய்வுக்காலம் வந்துவிடும். மற்ற நாள்களில் அதிகாரியின் நேரத்தை எடுத்துக்கொள்பவை காலை உடற்பயிற்சி, ஆயுதச் சரிபார்ப்பு, சுடுதளப் பயிற்சிக்கான திட்டம், வெடிமருந்துக் கணக்கு, விடுப்பு விண்ணப்பங்கள், ஒழுங்கு நடவடிக்கை அறிக்கைகள், ஒவ்வொரு சிப்பாயைப் பற்றியும் எழுத வேண்டிய மதிப்பீடுகள் ஆகியவையே. ஒருவர் கடனில் மூழ்கியிருப்பார், இன்னொருவரின் வீட்டில் பிரச்சினை இருக்கும், வேறொருவர் குடிப்பழக்கத்தை மறைத்துக்கொண்டிருப்பார். இவற்றை யாரும் சொல்லாமலே கவனித்து அறிய வேண்டியதும் அதிகாரியின் வேலைதான். இத்தகைய வேலை சலிப்பூட்டும் என்று இப்போதே தோன்றினால், அந்த உணர்வை ஒதுக்கிவிடாமல் நன்றாக ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

இதனோடு ஒட்டியதுதான் சிப்பாயின் வேலையையும் அதிகாரியின் வேலையையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வது. விண்ணப்பிப்பவர்களுக்கு மிகப் பெரிய ஏமாற்றத்தைத் தருவது இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நல்ல துப்பாக்கி வீரராவதும் நல்ல பிளாட்டூன் தலைவராவதும் வேறு வேறு திறமைகள். எதிரி திடீரென்று சுடத் தொடங்கும் கணத்தில் பிளாட்டூனில் சிறு குழுக்களாக உள்ள 3 செக்‌ஷன்களும் வெவ்வேறு இடங்களில் படுத்திருக்கும். சுடுவது எங்கிருந்து, எந்த செக்‌ஷன் அங்கேயே இருந்து எதிரியைத் தலைதூக்க விடாமல் சுட வேண்டும், எந்த செக்‌ஷன் பக்கவாட்டில் சுற்றிச் செல்ல வேண்டும், மறைவாகச் செல்லத் தரையில் எந்தப் பள்ளம் உதவும், குண்டுகளை உயரமாக எறியும் சிறு பீரங்கியான மோர்ட்டாரின் உதவியைக் கேட்கலாமா, காயமடைந்தவரை எந்த வழியாகப் பின்னே கொண்டுசெல்வது, பல பிளாட்டூன்களைக் கொண்ட கம்பெனியின் தலைவருக்கு இப்போது என்ன தகவல் தேவை என்ற கேள்விகள் எல்லாம் ஒரே நேரத்தில் அதிகாரியின் முன் வந்து நிற்கும். அந்த நேரத்தில் அவரே துப்பாக்கியில் முழுக் கவனத்தையும் வைத்துவிட்டால், பிளாட்டூனைப் பற்றி யோசிக்க அங்கே வேறு யாரும் இல்லை. வரைபடமும் வானொலிக் கருவியும், குறுகிய, ஐயத்துக்கு இடமில்லாத கட்டளையுமே அவருடைய முதன்மைக் கருவிகள்.

இன்னொன்றும் உண்டு. பிளாட்டூனோடு நேரடியாக இருக்கும் காலம் பொதுவாக ஓரிரு ஆண்டுகளே. அதன்பின் தலைமையக அலுவலகங்கள், பயிற்சிப் பள்ளிகள், திட்டமிடும் பணிகள் என்று பல ஆண்டுகள் கழியும். நடுவே கேப்டனாகவோ மேஜராகவோ ஒரு கம்பெனியையும், வெகு சிலருக்கு மட்டும் பிற்காலத்தில் பல கம்பெனிகள் சேர்ந்த ஒரு பட்டாலியனையும் நடத்தும் வாய்ப்பு கிடைக்கும். ஆயுதத்தையும் களத்தையும் வாழ்நாள் முழுதும் விட்டு அகலாமல் இருக்க விரும்புபவருக்கு, சிப்பாயாகச் சேர்ந்து சார்ஜென்டாக உயரும் பாதையே மனநிறைவைத் தரக்கூடும். அந்தப் பாதை தாழ்ந்தது என்று நினைப்பதை நான் கடுமையாக மறுக்கிறேன். குடும்பத்தாரும் நண்பர்களும் அதிகாரிப் பதவியையே பெருமையாகக் கருதுகிறார்கள் என்பதற்காகத் தமக்குப் பொருந்தாத வேலையில் சேர்ந்தவர்கள் தாமும் வருந்தி, தம் கீழ் இருந்தவர்களையும் வருத்துகிறார்கள்.

தோளில் ஏறிய நட்சத்திரமே மரியாதையைக் கொண்டுவந்துவிடும் என்று நம்புவதும் தவறு. புதிய லெப்டினன்டின் அருகில் 10 அல்லது 15 ஆண்டு அனுபவமுள்ள பிளாட்டூன் சார்ஜென்ட் ஒருவர் இருப்பார். இந்தியா, பாகிஸ்தான் ராணுவங்களில் அந்த இடத்தில், சிப்பாயாகச் சேர்ந்து உயர்ந்த இளநிலை அதிகாரியான நாயப் சுபேதார் இருப்பார். அவர் சல்யூட் அடிப்பது பதவிக்கு. ஆளின் மீதான நம்பிக்கை அதற்குப் பிறகுதான், நாள்பட வளர வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டும் இளம் அதிகாரியை 30 பேரும் முதல் வாரத்திலேயே கண்டுகொள்வார்கள். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: சார்ஜென்டுக்கு எல்லாம் தெரியும் என்று முடிவு அனைத்தையும் அவர் கையிலேயே விட்டுவிடுவது. யோசனையைக் கேட்பது நல்லது, கேட்காமல் இருப்பதுதான் மடமை. ஆனால் முடிவு பிழையானால் விசாரணையில் நிற்க வேண்டியவர் அதிகாரி என்பதால், முடிவெடுக்கும் சுமையும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

உடற்பயிற்சியில் நேரும் தவறுகள் எளிதில் திருத்தக்கூடியவை. ஆனால் திருத்தாமல் விட்டால் பயிற்சியின் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடியவை. ஓட்டத்தில் மட்டும் கவனம் செலுத்துபவர்களும், பார்வைக்கு அழகான தசைகளை மட்டும் வளர்ப்பவர்களும், முதுகில் 20 கிலோவுக்கு மேல் சுமையேற்றிக்கொண்டு மேடு பள்ளங்களில் மணிக்கணக்கில் நடக்க வேண்டிய நாளில் தடுமாறுகிறார்கள். காலாட்படைக்கு வேண்டியது சுமையோடு நடந்து முடித்த பிறகும் தெளிவாகச் சிந்திக்கும் உடல். இதை உணர்ந்து அவசரப்படுபவர்கள் வேறொரு பள்ளத்தில் விழுகிறார்கள். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது திடீரென்று கனமான பையைத் தூக்கிக்கொண்டு தினமும் நடந்தால், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலும் பாத எலும்புகளிலும் நுண்ணிய விரிசல்கள் உண்டாகலாம். அவை ஆற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஓய்வு தேவைப்படும். ஆகவே குறைந்த எடையில் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு முறை மட்டும் சுமை நடை நடந்து, எடையையும் தூரத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கூட்டாமல், பல மாதங்களுக்குப் பரப்பி உடலைப் பழக்குவதே அறிவுடைமை. காலணியை நடந்து பழக்காமல் நீண்ட தூரம் செல்லக் கூடாது என்பதும் சிறிய விஷயம் அன்று; கொப்புளம் வந்த காலோடு 30 பேரை நடத்துவது கடினம்.

மருத்துவ வரலாற்றை மறைப்பதைப் பற்றி ஒரே ஒரு வரி போதும்: மறைக்காதீர்கள். பார்வை, நிறம் பிரித்தறியும் திறன், செவிப்புலன், ஆஸ்துமா, பழைய மூட்டுக் காயம் ஆகியவற்றைப் பற்றிய விதிகளை முன்கூட்டியே படித்து, ஐயம் இருந்தால் தகுந்த மருத்துவரிடம் பரிசோதித்துக்கொண்டால், தயாரிப்பில் செலவாகும் ஆண்டுகள் வீணாகாமல் இருக்கும்.

தேர்வு வாரியத்தின் முன் வேறொருவராக நடிப்பது அடுத்த தவறு. இன்று பல நாடுகளில் பின்பற்றப்படும் தேர்வு முறை, 1942இல் பிரித்தானிய ராணுவம் தொடங்கிய தேர்வு வாரியங்களுக்குக் கடன்பட்டது. இந்தியாவில் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி. நடத்தும் ஐந்து நாள் தேர்வும் அந்த மரபில் வந்ததே. அந்த வாரியங்களில் பணியாற்றிய மனநல மருத்துவர் வில்ஃபிரட் பியான் முதல் உலகப் போரில் டாங்கிப் படை அதிகாரியாக இருந்தவர். தலைவரை நியமிக்காமல் ஒரு குழுவிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு கவனிக்கும் தேர்வு அவருடைய யோசனை. ஒவ்வொருவரும் தாம் தேர்வாக வேண்டும் என்ற தவிப்போடுதான் வருகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் குழுவின் வேலை நடக்க மற்றவர்களோடு இணங்கியும் ஆக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையே அந்தத் தேர்வு பார்க்கிறது. இதை அறியாதவர்கள், உரத்த குரலில் அதிகம் பேசுபவரே தலைவர் என்று எண்ணிப் பிறரின் பேச்சை வெட்டுகிறார்கள். குழுவாகத் தடுப்பைக் கடக்கும் வேலையில், பலகையைத் தடுப்பின் மீது வைக்க யாருக்கு நல்ல வழி தோன்றியதோ, அவர் மெதுவாகச் சொன்னதைக் கேட்டு, மற்றவர்களையும் கேட்க வைத்து, வேலையை முடிக்கச் செய்பவர் கண்காணிப்பாளர்களின் கவனத்தைப் பெறுகிறார். மனப்பாடம் செய்த பதில்களின் நிலையும் இதுவே. உளவியல் தேர்வில் எழுதிய கதையும், களத்தில் நடந்துகொண்ட விதமும், நேர்காணலில் சொன்ன பதிலும் தனித்தனி ஆள்கள் சொன்னவைபோல் இருந்தால், அந்த முரண் தெரிந்துவிடும். தேர்வுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஏதேனும் ஒரு குழுவுக்கு, விளையாட்டு அணியோ மலையேற்றக் குழுவோ தொண்டுப் பணியோ, உண்மையாகவே பொறுப்பேற்றுத் தோற்றும் வென்றும் பார்ப்பதைவிடச் சிறந்த தயாரிப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நிபந்தனைகளைப் படிக்காமல் கையெழுத்திடுபவர்களும் உண்டு. காலாட்படை வேண்டும் என்று கேட்டவருக்கு அது கிடைக்கும் என்ற உறுதி பல ராணுவங்களில் இல்லை. தகுதி வரிசையையும் காலியிடங்களையும் பொறுத்தே பயிற்சியின் இறுதியில் படைப்பிரிவு முடிவாகிறது. ஆகவே பீரங்கிப் படையோ வழங்கல் படையோ கிடைத்தாலும் ராணுவத்தில் இருக்க விரும்புகிறேனா என்று முதலிலேயே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பணிக்காலக் கடப்பாடும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கழகத்தில் நான்கு ஆண்டு படித்து வெளியேறுபவர் குறைந்தது 5 ஆண்டுகள் முழுநேரப் பணியில் இருக்க வேண்டும். இந்தியாவில் குறுகிய காலப் பணி என்பது 10 ஆண்டுகள், மேலும் 4 ஆண்டுகள் நீட்டிக்கலாம். பெண்களுக்குக் காலாட்படை திறந்திருக்கிறதா என்பதும் இடத்துக்கு இடம் மாறும்: பிரிட்டன் 2018இல் எல்லாப் போர்ப் பிரிவுகளையும் திறந்துவிட்டது, சில நாடுகள் இன்னும் திறக்கவில்லை.

கட்டளைக்குக் கீழ்ப்படிவதே இந்த வேலையின் முழுப் பொருள் என்று எண்ணுவதைத்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறாகக் கருதுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் படையில் வளர்ந்து, இன்று பல ராணுவங்கள் கற்பிக்கும் முறை ஒன்று உண்டு: மேலதிகாரி எதைச் சாதிக்க வேண்டும், ஏன் சாதிக்க வேண்டும் என்பதைச் சொல்வார், எப்படி என்பதைக் களத்தில் நிற்பவரே முடிவு செய்வார். எனவே சொன்னதை மட்டும் செய்யும் பழக்கமுள்ளவர் இங்கே போதாதவராகிறார். அதைவிடக் கனமான மறுபக்கமும் இருக்கிறது. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கக் காலாட்படைப் பிரிவு ஒன்று ஆயுதமில்லாத நூற்றுக்கணக்கான மக்களைக் கொன்றது. அங்கே ஒரு பிளாட்டூனை நடத்திய லெப்டினன்ட் வில்லியம் கேலிக்கு அப்போது வயது 24. கேப்டனின் கட்டளைப்படியே நடந்தேன் என்று அவர் வாதிட்டார். ராணுவ நீதிமன்றம் அதை ஏற்காமல், 1971இல் 22 பேரைக் கொன்ற குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அதே நாளில் ஹெலிகாப்டர் ஓட்டிய ஹியூ தாம்ப்சன், சுட வந்த சொந்தப் படையினருக்கும் அஞ்சி ஓடிய கிராமத்தவருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கிச் சிலரைக் காப்பாற்றினார். அதற்கான விருது அவருக்கு 30 ஆண்டுகள் கழித்து, 1998இல்தான் வந்தது. இருவரும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். போரில் பொதுமக்களையும் காயம்பட்டவர்களையும் கைதிகளையும் காக்கும் ஜெனீவா ஒப்பந்தங்களின் அடிப்படை விதிகளைப் பயிற்சிக் கழகம் கற்றுத்தரும்; ஆனால் நண்பனை இழந்த சினத்தோடு நிற்கும் 30 பேரை, தூக்கமின்றி, பயத்தோடு, ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லித் தடுக்கும் துணிவை ஒருவர் அங்கே போகும் முன்பே தம்மிடம் தேடிப் பார்க்க வேண்டும். கல்லூரியிலோ விளையாட்டு அணியிலோ நண்பர்கள் செய்த அநியாயத்தை அவர்கள் முகத்துக்கு நேரே எதிர்த்த அனுபவம் உண்டா என்பது இங்கே நேரடியாகப் பொருந்தும் கேள்வி.

குடும்பத்தாரிடம் பேசாமல் முடிவெடுப்பதும் நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம், மாதக்கணக்கான பிரிவு, துணைவரின் வேலை தடைபடுதல், பிள்ளைகளின் பள்ளி மாறுதல் ஆகியவற்றை அவர்களும்தான் சுமக்கப்போகிறார்கள். அபாயத்தையும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் பிரித்தானியப் படையில் சிப்பாய்களைவிட அதிகாரிகள் அதிக விகிதத்தில் இறந்தார்கள், அவர்களிலும் முன்னே நின்று நடத்திய இளநிலை அதிகாரிகளின் இழப்பே மிகுதி.

கடைசியாக, தவறான ஆள்களிடம் மட்டும் கேட்பது. ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் இருப்பவரும் உயர்பதவியில் ஓய்வு பெற்றவரும் சொல்வது உண்மையே என்றாலும், அது முழுமையாக இருக்காது. ஐந்தாறு ஆண்டுகளில் பணியை விட்டு விலகிய ஒரு முன்னாள் கேப்டனிடமும், காலாட்படை அதிகாரியைத் திருமணம் செய்தவரிடமும், முக்கியமாக, சிப்பாயாகவோ சார்ஜென்டாகவோ இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடமும் பேசிப் பாருங்கள். ராணுவ வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கும். அந்தச் சிப்பாயிடம், உங்களுக்கு வாய்த்த இளம் லெப்டினன்டுகளில் இன்றும் நினைவில் இருப்பவர் யார், அவர் என்ன செய்தார், நீங்கள் நம்பாதவர் யார், ஏன் நம்பவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்வதை வீட்டுக்கு வந்து எழுதி வைத்துவிட்டு, அதன்பின் விண்ணப்பப் படிவத்தை எடுங்கள்.