வேண்டாம் என்றால் வேண்டாமா? பிரஞ்சு மேசைக்கும் தலைவாழை இலைக்கும் ஒரு வழிகாட்டி

புதுச்சேரியில் குடியிருப்பவருக்கு வெளிநாட்டவரோடு அமர்ந்து உண்ணும் வாய்ப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம். பிரஞ்சு ஆட்சியில் இருந்த ஊரை இந்தியாவோடு இணைக்கும் ஒப்பந்தம் 1962ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது பிரஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இன்றும் ஊரில் இருக்கின்றன. பிரஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் சொல்தா வீடுகளில் மருமகளோ மருமகனோ பிரான்சிலிருந்து வந்தவராக இருப்பதும் உண்டு. 1955 முதல் இயங்கிவரும் பிரஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு வரும் ஆய்வாளர்களும், 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில் வாழும் பல நாட்டவரும் வாடகைக்கு வீடு தேடி நம் தெருக்களுக்கே வந்துவிடுகிறார்கள். முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு மாடியில் பல ஆண்டுகளாக இத்தகையவர்களே குடியிருந்து வருகிறார்கள். என் அக்கா பாரிஸின் புறநகர் ஒன்றில் வாழ்கிறார். ஆகவே இலையின் பக்கத்திலும் மேசையின் பக்கத்திலும் நான் தவறு செய்திருக்கிறேன், பிறர் செய்யவும் பார்த்திருக்கிறேன்.

பிரான்சுக்குப் புறப்படுபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது கத்தியையும் முள்கரண்டியையும் பற்றித்தான். அவற்றை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். வீட்டில் உப்புமாவை முள்கரண்டியால் சாப்பிட்டுப் பாருங்கள், போதும். உண்மையில் விருந்தைக் கெடுப்பது கருவிகள் அல்ல. வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு சொற்களும், எப்போது வருவது, எப்போது எழுவது என்ற கணக்குமே இரு தரப்பையும் திணற வைக்கின்றன.

முதல் முறை அக்காவின் அண்டை வீட்டார் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். பாலேட்டில் வேகவைத்த உருளைக்கிழங்கு மிகவும் நன்றாக இருந்தது. அந்த வீட்டு அம்மையார் இரண்டாம் முறை பாத்திரத்தை நீட்டியபோது, நான் முகமலர்ச்சியோடு "மெர்சி" என்றேன். பாத்திரம் என்னைத் தாண்டிச் சென்றுவிட்டது. உணவை நீட்டும்போது வெறுமனே மெர்சி என்று சொன்னால், அங்கே அதற்கு "வேண்டாம், நன்றி" என்று பொருள் கொள்ளப்படும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நம் வீட்டைப் போல இன்னொரு முறை கேட்பார்கள் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. வேண்டுமென்றால் "உய், வோலோந்தியே" என்றோ "அவெக் ப்ளெஸீர்" என்றோ தெளிவாகச் சொல்ல வேண்டும். வேண்டாமென்றால் "நோன், மெர்சி" என்று ஒரு முறை சொன்னால் போதும். கூச்சத்தால் ஒரு முறை மறுத்துவிட்டு இரண்டாம் உபசாரத்துக்காகக் காத்திருப்பவர் அரை வயிற்றோடுதான் வீடு திரும்புவார்.

இதே சிக்கல் நம் வீட்டில் தலைகீழாக நிகழும். ஒரு பொங்கலன்று மாடியில் குடியிருந்த பிரஞ்சு ஆய்வு மாணவரை உணவுக்கு அழைத்திருந்தோம். தட்டில் எதையும் மிச்சம் வைக்காமல் உண்பது சமைத்தவருக்குச் செய்யும் மரியாதை என்று அவருக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லப்பட்டிருந்தது. இலையில் ஓரிடம் காலியானால் விருந்தினருக்கு இன்னும் பசியிருக்கிறது என்பது என் அம்மாவின் கணக்கு. அவர் மரியாதைக்காக இலையைக் காலி செய்தார். அம்மா மரியாதைக்காக அதை நிரப்பினார். அவர் கற்றிருந்த தமிழில் "வேண்டாம்" என்று சொல்லியும் பார்த்தார். ஆனால் ஒற்றை வேண்டாமை நம் வீடுகளில் யார் பொருட்படுத்துகிறார்கள்? நான்காம் முறையும் சர்க்கரைப் பொங்கலை உண்டு முடித்த அவர், மறுநாள் மாலை வரை மாடியிலிருந்து இறங்கவில்லை.

ஆகவே வெளிநாட்டு விருந்தினரை அழைப்பவர்கள் முன்கூட்டியே இரண்டு செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். போதும் என்றால் இலையின் மேல் இரு கைகளையும் குறுக்கே நீட்டி மறைக்கலாம் என்பது ஒன்று. அந்தச் சைகைக்கு மட்டுமே கரண்டி நிற்கும். இலையில் சிறிது மிச்சமிருந்தால் யாரும் வருந்தமாட்டார்கள் என்பது மற்றொன்று. பரிமாறுபவர்களிடமும் ஒரு சொல் சொல்லி வைப்பது நல்லது: இரண்டு முறைக்கு மேல் வற்புறுத்தினால், அந்த விருந்தினர் அதை அன்பாகக் கொள்ளமாட்டார், தம் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை என்றே எண்ணுவார்.

பிரஞ்சு வீட்டுக்குச் செல்லும்போது

இரவு எட்டு மணிக்கு அழைத்தால் எட்டேகால் மணிக்குச் செல்வதே அங்கே நாகரிகம். அந்தக் கால் மணி நேரத்தை மரியாதைக் கால்மணி என்றே சொல்கிறார்கள். முன்னதாகச் சென்று நிற்பது சமையலறையில் இருப்பவரைத் தடுமாற வைக்கும். பூங்கொத்து எடுத்துச் செல்லலாம். ஆனால் சாமந்தி இனத்துப் பூக்களைத் தவிர்த்துவிடுங்கள். நவம்பர் தொடக்கத்தில் கல்லறைகளில் வைக்கும் பூ அது. நாம் சாமிக்குச் சாத்தும் பூ அங்கே துக்கத்துக்குரியதாக இருப்பது புதுச்சேரிக்காரருக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. கல்லறைத் திருநாளில் நம் ஊர்க் கல்லறைகளும் பூவால் நிறைந்துதான் இருக்கின்றன.

சைவ உணவு உண்பவர்கள் அதை அழைப்பை ஏற்கும்போதே சொல்ல வேண்டும், மேசையில் அமர்ந்த பிறகு அல்ல. "காய்கறி மட்டும்" என்பது போதாது. காய்கறி சூப்பில் இறைச்சிச் சாறும், கீரையில் பன்றி இறைச்சித் துண்டுகளும் இருக்கக்கூடும். இறைச்சி, மீன், அவற்றின் சாறு எதுவும் உண்ணமாட்டேன், முட்டை உண்பேன் அல்லது உண்ணமாட்டேன் என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். மது அருந்தாதவர்கள் ஒரு முறை சொன்னால் போதும், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

சென்றவுடன் உணவு வராது. முதலில் ஒரு பானமும் கொறிக்கச் சிறிதும் தந்து ஒரு மணி நேரம்கூடப் பேசுவார்கள். வறுத்த கடலையையே இரவு உணவு என்று எண்ணி அள்ளி உண்டுவிடாதீர்கள். அதன் பிறகு முன்னுணவு, முதன்மை உணவு, பாலாடைக்கட்டி, இனிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்த வரிசைமுறையோடு கூடிய பிரஞ்சு விருந்தைத்தான் யுனெஸ்கோ 2010இல் மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இந்த வரிசை அவர்களுக்கே மிகப் பழையதன்று. முன்பு செல்வர் வீட்டு விருந்துகளில் பல உணவுகளை ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவைப்பதே அவர்கள் வழக்கம். ஒவ்வொன்றாகக் கொண்டுவரும் முறை 19ஆம் நூற்றாண்டில் பரவியது, அதற்கு ரஷ்ய முறை என்றே பெயர். பிரஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் 1674இல் கால் ஊன்றியபோது பிரான்சை ஆண்ட 14ஆம் லூயி, கத்தியையும் விரல்களையும் கொண்டே உண்பவர் என்று பெயர் பெற்றவர். கையால் உண்பதைப் பற்றி யாராவது உங்களிடம் புருவம் உயர்த்தினால், சிரித்துக்கொண்டே இதைச் சொல்லலாம்.

வீட்டு அம்மையார் உண்ணத் தொடங்கும் வரை காத்திருங்கள். மணிக்கட்டுகள் மேசையின் விளிம்பில் தெரியும்படி இருக்க வேண்டும். கைகளை மடியில் வைத்துக்கொள்வது ஆங்கிலேயர் பழக்கம், முழங்கையை ஊன்றுவது இருவருக்குமே ஆகாது. முள்கரண்டி இடக்கையில், கத்தி வலக்கையில். இடக்கையால் வாயில் உணவு இடுவது முதல் நாள் நமக்கு உறுத்தும். அந்த உறுத்தலை மேசையில் இருக்கும் வேறு யாரும் அறியமாட்டார்கள். ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசை விரிப்பின் மேலேயே தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார்கள், கையால் பிய்த்தே உண்பார்கள். குழம்பை ரொட்டியால் வழித்துண்ணும் ஆசை நமக்கு உண்டு. நெருங்கியவர்கள் வீட்டில் அவர்களும் அப்படியே செய்கிறார்கள், புதியவர்கள் முன்னால் செய்வதில்லை. சாலட் இலைகளைக் கத்தியால் வெட்டாமல் மடித்து உண்பது பழைய வழக்கம். வினிகர் பட்டு வெள்ளிக் கத்தி கறுத்துவிடும் என்ற காலத்தில் தோன்றியது அது. மீன் முள்ளை வாயிலிருந்து மெல்ல எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைக்கலாம். ஏப்பம் மட்டும் எந்நிலையிலும் வெளிவரக் கூடாது. உண்டு முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் இணையாக வைத்துவிட்டால், அதுவே முடிந்தது என்பதற்கு அடையாளம்.

பாலாடைக்கட்டித் தட்டு ஒரே ஒரு சுற்றுதான் வரும். முக்கோணத் துண்டின் கூர்முனையை வெட்டி எடுத்துக்கொள்வது பெரிய பிழை. நடுப்பகுதியே சுவையானது என்பதால், முனையை எடுப்பவர் மற்றவர்களுக்கு ஓரத்தை மட்டும் விட்டுவைத்தவர் ஆகிறார். பக்கவாட்டிலிருந்து நீளவாக்கில் வெட்டிக்கொள்ளுங்கள். சில வகைகளின் வாடை தாங்க முடியாததாக இருக்கும். கருவாட்டுக் குழம்பைக் கொண்டாடும் கரையோரத்துக்காரர்களாகிய நாம் அதற்கு முகம் சுளிப்பது நியாயமாகாது.

இன்னொரு வேண்டுகோள்: ஊறுகாயைப் பையில் எடுத்துச் செல்லாதீர்கள். எங்கள் மாமா ஒருவர் பிரஞ்சுச் சம்பந்தி வீட்டு விருந்தில் எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். சமைத்தவரின் முகம் மாறியது எல்லோருக்கும் தெரிந்தது, மாமாவைத் தவிர. சுவைத்துப் பார்ப்பதற்கு முன்பே உப்பைக் கேட்பதும் அதே வகைத் தவறுதான்.

சாப்பிடும்போது பேசாதே என்று வளர்க்கப்பட்ட நமக்கு மிகக் கடினமானது, அங்கே பேசாமல் இருப்பதே குறை என்பது. அமைதியாக உண்பவருக்கு உணவு பிடிக்கவில்லையோ, கோபமோ என்று நினைத்துக்கொள்வார்கள். இனிப்பு முடிந்தவுடன் எழுந்து விடைபெறுவதும் ஆகாது; காபியும் அதற்குப் பிந்தைய பேச்சும் விருந்தின் பகுதிகளே.

அவர்கள் நம் வீட்டுக்கு வரும்போது

நாம் விருந்தினரை முதலில் அமர்த்தி, பக்கத்தில் நின்று பரிமாறுகிறோம். மேசையில் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து பழகியவருக்கு, தான் மட்டும் உண்ண நான்கு பேர் நின்று பார்ப்பது தாங்க முடியாத சங்கடம். வீட்டாரில் ஒருவராவது, பேசத் தெரிந்தவராகப் பார்த்து, அவரோடு பந்தியில் அமர்ந்துவிடுவது நல்லது. அவரைப் பார்த்தே விருந்தினர் எல்லாவற்றையும் கற்றுக்கொள்வார்.

இலை போட்டதும் நுனி இடப்பக்கம் இருப்பதையும், தண்ணீர் தெளித்துத் துடைப்பதையும் செய்து காட்டினால் போதும், விளக்கம் தேவையில்லை. சோற்றை விரல் நுனிகளால் பிசைந்து, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளும் நுட்பத்தை மட்டும் மெதுவாகக் காட்டுங்கள். உள்ளங்கையில் வைத்து வாயை நோக்கி வீசுபவர்களே அதிகம். ரசம் அவர்களைத் தோற்கடிக்கும். சோற்றில் குழி செய்து அதற்குள் ஊற்றச் சொல்லலாம், அல்லது டம்ளரில் தந்துவிடலாம். பின்னதே விரிப்புக்கும் விருந்தினரின் ஆடைக்கும் பாதுகாப்பு. முருங்கைக்காயை முழுவதுமாக மென்று விழுங்கப் பார்த்தவரை நான் கண்டிருக்கிறேன். சதையை உறிஞ்சிவிட்டுச் சக்கையை இலை ஓரத்தில் வைக்கலாம் என்று முன்பே சொல்லுங்கள்.

இடக்கையைப் பற்றிச் சொல்வது எளிது, எச்சிலைப் பற்றிச் சொல்வது கடினம். தன் இலையிலிருந்து ஒரு துண்டு வடையைப் பக்கத்து இலைக்கு அன்போடு மாற்றுவார். தான் உண்ட கையால் பொதுக் கரண்டியைத் தொடுவார். சொம்பை வாயில் வைத்துக் குடிப்பார். அண்ணாந்து குடிக்கச் சொன்னால் சட்டை நனையும், ஆகவே அவருக்குத் தனி டம்ளர் வைத்துவிடுங்கள். காரத்தால் மூக்கில் நீர் வடிந்து, அவர் கைக்குட்டையை எடுத்துப் பந்தியிலேயே சிந்தினால் பாட்டிமார்கள் முகம் திருப்பிக்கொள்வார்கள். அவர்கள் ஊரில் அடக்கமாகச் செய்தால் அது குற்றமன்று. கொல்லைப்புறக் குழாய் எங்கே என்று முதலிலேயே காட்டிவிட்டால் எழுந்து செல்வார்.

உணவின் நடுவே அவர் கதை சொல்லத் தொடங்குவார். பருக்கை ஒட்டிய கை காயும் வரை பேச்சு நீளும், கூட அமர்ந்தவர்கள் எழவும் முடியாமல் காத்திருப்பார்கள். "கை காய்ந்துவிடும்" என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். பொருள் புரியாவிட்டாலும் கையைப் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் நன்றி சொல்வதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குள் நன்றி சொல்லிப் பழகாத நமக்கு அது அந்நியமாகப் படுகிறது. சொல்லாமல் உண்பது அவருக்குக் கூசுகிறது.

முடிந்ததும் இலையின் மேல்பாதியைத் தன்னை நோக்கி மடிக்கச் சொல்லுங்கள். எதிர்ப்புறமாக மடிப்பது எங்கள் பக்கத்தில் துக்க வீட்டு வழக்கம். வெற்றிலை பாக்கு வந்தால் விருந்து முடிந்தது என்று நாம் கொள்வோம். அவரோ இனித்தான் நிதானமாகப் பேசலாம் என்று நாற்காலியில் சாய்வார். மதியத் தூக்கம் தேவைப்படும் பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால், பேச வேண்டியதையெல்லாம் உணவுக்கு முன்பே பேசிவிடும்படி அவரைப் பதினொரு மணிக்கே வரச் சொல்லுங்கள்.

மற்ற நாட்டவர்களைப் பற்றி ஓரிரு சொற்கள்: ஜப்பானியர் நூடுல்ஸை ஒலியெழ உறிஞ்சுவது அங்கே இயல்பானது, நம் வீட்டில் ரசத்தை உறிஞ்சினாலும் குறையாக எண்ண வேண்டாம். அவர்கள் வீட்டில் சோற்றுக் கிண்ணத்தில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைத்துவிடாதீர்கள், அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஜப்பானியர் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி உண்பார்கள். கொரியர் மேசையை விட்டு எடுக்கமாட்டார்கள்.

விருந்தினர் கிளம்பும்போது மீந்த பாயசத்தையோ வடையையோ தூக்கில் போட்டுக் கொடுப்பீர்கள். பாத்திரம் இரண்டு நாளில் பளபளவென்று கழுவித் திரும்பி வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவதில்லை என்ற நம் வழக்கத்தை அவரிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். எங்கள் மாடி மாணவரிடம் அம்மாவே ஒரு நாள் சொல்லிவிட்டார். அதன் பிறகு தூக்கில் அரைப் பிரஞ்சு ரொட்டி செருகியிருக்கும். மூடி மட்டும் தனியாக வரும்.