கம்ப்ரெஷன் குறைவா? எஞ்சினை இறக்கும் முன் டெபட் மூடியைக் கழற்றுங்கள்

கிளிநொச்சியில் நெல் மூட்டை ஏற்றி ஓடும் எங்கள் பழைய லைட்ஏஸ் வானில் மூன்றாவது சிலிண்டர் வேலை செய்யவில்லை. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்த கராஜில் "பிஸ்டன் ரிங் போயிற்று, எஞ்சினை இறக்க வேணும்" என்றார்கள். கடைசியில், எஞ்சின் தலையில் வால்வுகளை மூடியிருக்கும் டெபட் மூடியைக் கழற்றிப் பார்த்தால், வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ்றொட் ஒன்று வளைந்திருந்தது, அவ்வளவுதான்.

எஞ்சினைச் சூடாக்கி, எல்லா பிளக்கையும் கழற்றி, கொயில் வயரைப் பிடுங்கிவிடுங்கள். பார்க்க வேண்டிய சிலிண்டரின் பிளக் ஓட்டையில் கம்ப்ரெஷன் கேஜைப் பூட்டுங்கள். பற்றரி நன்றாக இருக்க வேண்டும். ஒருவர் அக்சிலேற்றரை முழுதாக மிதித்தபடி, கேஜ் ஊசி ஏறி நிற்கும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். அழுத்திப் பிடிக்கும் ரப்பர் முனைக் கேஜை வாங்காதீர்கள், கை கொஞ்சம் அசைந்தாலும் பொய் சொல்லும். மரை போட்டு முறுக்குவதே நல்லது.

பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களில் 120 முதல் 180 பிஎஸ்ஐ வரும். ஆகக் குறைந்த சிலிண்டர், ஆகக் கூடியதில் 75 வீதத்துக்குக் கீழே போகக்கூடாது. போனால் அந்த ஓட்டையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஊசி நன்றாக ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது, ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்தால் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

பலரும் குழம்புவது இதற்குப் பிறகுதான். வால்வு எரிந்தோ வளைந்தோ, டெபட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் றொக்கருக்கும் இடையிலான சிறு இடைவெளி) இறுகியோ இருந்தால் வால்வு முழுதாக மூடாது. காற்று கசியும், கேஜ் குறைவாகக் காட்டும். ஆனால் இன்டேக் வால்வு திறக்காமலே போனாலும் கேஜ் குறைவாகத்தான் காட்டும்! புஷ்றொட் வளைந்தாலோ, றொக்கர் உடைந்தாலோ, புஷ்றொட்டைத் தூக்கும் கேம் தேய்ந்தாலோ உள்ளே காற்றே வராது. வராத காற்றை பிஸ்டன் எப்படி அமுக்கும்? ரிங்கும் வால்வு அமரும் சீற்றும் புத்தம் புதிதாக இருக்கலாம். கம்ப்ரெஷன் மேல்நிலையில் (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் ஆக மேலே நிற்கும்போது) பிஸ்டனை நிறுத்தி பிளக் ஓட்டை வழியாகக் காற்றடித்தால் பெரிய கசிவு இராது. கேஜ் குறைவு, பெரிய கசிவு இல்லை என்றால் நேரே டெபட் மூடிக்குப் போங்கள்.

எக்ஸோஸ்ட் வால்வு திறக்காவிட்டால் இன்னும் மோசம். கேஜில் நல்ல எண்ணே வரக்கூடும். எரிந்த புகை போக வழியில்லாமல் காபரேற்றர் பக்கம் திரும்பி வெடிக்கும்.

மூடியைக் கழற்றி, ஸ்பானர் போட்டு கிராங்கைச் சுற்றிக்கொண்டே றொக்கர்களைக் கவனியுங்கள். எல்லாம் ஒரே அளவு இறங்க வேண்டும். சந்தேகமான புஷ்றொட்டை உருவிக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினால், வளைந்தது துள்ளித் துள்ளி ஓடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிய எங்கள் ஊர்ப் பழைய கைகளுக்குக் கேஜே வேண்டாம், பிளக் ஓட்டையில் பெருவிரலை வைத்தே சொல்லிவிடுவார்கள். நமக்கு அது வராது.

பிற்சேர்க்கை: தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பில் கேஜ் மிகக் குறைவாகக் காட்டுவதாக ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஹொண்டா ஜிஎக்ஸ்160 போன்ற சின்ன எஞ்சின்களில், கயிறு இழுக்க இலகுவாக எக்ஸோஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும் அமைப்பு கேமிலேயே உண்டு. கயிறு இழுத்துப் பார்க்கும்போது எண் குறைவது பழுதல்ல. அதில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டெபட் இடைவெளியைப் பாருங்கள்: இன்டேக் 0.15, எக்ஸோஸ்ட் 0.20 மில்லிமீற்றர்.