பழைய சீனப் பீங்கானா? நீலத்தைச் சோதித்துப் பாருங்கள்

மிங் அரச வம்சக் காலத்து (1368–1644) நீல-வெள்ளை ஜாடி என்று யாராவது விலை சொன்னால், அடியிலுள்ள முத்திரையை மட்டும் நம்பிவிடாதீர்கள். பிற்காலத்தவரும் அதைத் தாராளமாக எழுதியிருக்கிறார்கள். எக்ஸ்ஆர்எஃப் சோதனை கேளுங்கள்; எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, பொருளில் என்னென்ன தனிமங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பது. துப்பாக்கி போன்ற கைக்கருவிதான். ஓரிரு நிமிட வேலை, கீறல்கூட விழாது.

நீலத்தில் ஓரிடம், பக்கத்திலேயே வெறும் வெள்ளையில் ஓரிடம் என இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். மேலே பூசிய கண்ணாடி போன்ற மெருகிலும் இரும்பு உண்டு. அதைக் கழித்தால்தான் நீலத்தின் கணக்கு தெரியும். மிங்குக்கு முந்தைய யுவான் வம்சக் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டில், இறக்குமதியான கோபால்ட்டில் (நீலம் தரும் தாது) இரும்பு அதிகம், மாங்கனீசு குறைவு. சீனாவிலேயே வெட்டியெடுத்ததில் மாங்கனீசுதான் தூக்கல். இரண்டுமே சொற்பம் என்றால், சுத்திகரித்த நவீன நிறமியோ என்று சந்தேகப்படலாம்.

அப்புறம், பீங்கான் எப்போது சுடப்பட்டது என்று கணிக்கும் தெர்மோலுமினசென்ஸ் சோதனைக்கு அடியில் துளை போடுவார்கள். சரி என்று தலையாட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.