மீன்தொட்டியின் கேனிஸ்டர் ஃபில்டருக்குள் எதை, எந்த வரிசையில் வைப்பது?

கேனிஸ்டர் என்பது தொட்டி நீரை மோட்டாரால் இழுத்து, சுத்திகரித்துத் திருப்பி அனுப்பும் மூடிய கலன். பெரும்பாலான கேனிஸ்டர்களில் தண்ணீர் அடியிலிருந்து மேலேறுவதால், கீழ்த்தட்டில் பெருந்துளை ஸ்பாஞ்சும், அதன்மேல் மென்துளை ஸ்பாஞ்சும், அழுக்கு நீங்கிய நீர் வந்து சேரும் மேல்தட்டுகளில் செராமிக் வளையங்களும் இருக்க வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் குடியிருப்பது பெரும்பாலும் அந்த வளையங்களில்தான். ஆகவே இடத்தைத் தாராளமாக அவற்றுக்கே கொடுங்கள். கார்பன், மருந்திட்ட நீரைத் தெளிவிக்க மட்டும் போதும்.

இராமநாதபுரம் கடலோரத்தில் பவளத்துண்டுகளை ஃபில்டரில் போடும் எண்ணம் எளிதில் வரும். வேண்டாம். கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை; கரையொதுங்கியதாயினும் எடுக்கலாகாது. தவிரவும், அவை சுண்ணாம்பைக் கரைத்து நீரின் கடினத்தன்மையைக் கூட்டுபவை. நம் கிணற்று நீருக்கு அது கூடுதல் சுமை.

நீரோட்டம் தளர்ந்தால் முதலில் ஸ்பாஞ்சைப் பாருங்கள். அதைத் தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த நீரிலேயே, பழுப்புச்சாறு குறையும் வரை பிழிந்தால் போதும். குளோரின் கலந்த குழாய்நீர் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். வளையங்களை அதே நீரில் இலேசாக அலசுங்கள், ஆனால் ஸ்பாஞ்சைக் கழுவிய அன்றே அல்ல.

மின்சாரம் பல மணிநேரம் நின்றிருந்தால், மூடிய கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து நீர் கெட்டிருக்கும். முட்டை நாற்றம் அடித்தால், அந்நீரைக் கொட்டி, உள்ளிருக்கும் ஸ்பாஞ்சையும் வளையங்களையும் தொட்டி நீரில் அலசிய பிறகே மோட்டாரை ஓட்ட வேண்டும்.