கோள்களைக் கையால் வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடிதான் எங்களுக்கு வானாய்வகம். பிப்ரவரியில் மழை ஓய்ந்ததும் சனிக்கிழமை இரவுகளில் இரண்டு மூன்று தொலைநோக்கிகள் லிப்டில் ஏறி அங்கே வந்துவிடும். இந்த ஆண்டு வியாழன் மிதுன ராசியில் நன்றாக உயரத்தில் நிற்பதால் புதிதாக வரையத் தொடங்கியவர்களும் நாலைந்து பேர் வருகிறார்கள்.

அவர்களில் ஒருத்தி எதிர்ப் புளோக்கில் இருக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. போன வாரம் தன் நோட்டை என்னிடம் நீட்டினாள். "ஆண்ட்டி, அன்னிக்கு வரைஞ்சது கொஞ்சம் கோணலா இருந்துச்சு. வீட்டுல போட்டோ பாத்து சரி பண்ணிட்டேன்." பக்கத்தில் அழகான வியாழன் இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே வேலை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

குவியம் சரியாக வைக்காதது, தொலைநோக்கி ஆடுவது, பென்சில் முனை மழுங்கிப்போவது இவற்றையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஓர் இரவில் தானாகவே தெரிந்துவிடும். தானாகத் தெரியாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

சிவப்பு விளக்கு

நெபுலாக்களையும் மங்கலான விண்மீன் கூட்டங்களையும் தேடுபவர்களுக்குச் சிவப்பு விளக்கு அவசியம். இருட்டுக்குப் பழகிய கண்ணை அது கெடுக்காது. அந்த அறிவுரையை அப்படியே கோள்களுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். வியாழன் பிரகாசமான பொருள். கண் முழுக்க இருட்டுக்குப் பழகிவிட்டால் அது கூசும், அதன் குறுக்கே ஓடும் மேகப் பட்டைகளின் நிற வேறுபாடும் சரியாகத் தெரியாது. சிவப்பு வெளிச்சத்தில் நிழலை எவ்வளவு அழுத்திவிட்டோம் என்று கணிக்க முடியாது. ஆரஞ்சு வண்ணப் பென்சில் போட்ட கோடு தாளில் காணாமலே போய்விடும். தாளின்மேல் மட்டும் விழும்படி ஒரு சிறிய வெள்ளை விளக்கு போதும்.

நம் ஊரில் கண் இருட்டுக்குப் பழகுவது என்பதே நடக்காத காரியம். 2016இல் வெளியான ஒளி மாசு பற்றிய உலக வரைபடத்தில் மிக மோசமான நாடு சிங்கப்பூர்தான். பால்வெளியை நாம் இழந்துவிட்டோம். கோள்களை இழக்கவில்லை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அவை நமக்கு உயரத்தில் வருகின்றன, பல இரவுகளில் காற்றும் அசையாமல் நிற்கிறது. வெளிச்சம் நிறைந்த ஊரில் இருப்பவர்கள் கோள் வரைவதில் தயங்க ஒரு காரணமும் இல்லை.

வட்டமான வியாழன்

காம்பஸால் போட்ட வட்டத்துக்குள் வியாழனை வரையக் கூடாது. அது வேகமாகச் சுழல்வதால் தட்டையானது. நடுக்கோட்டில் அதன் விட்டம் 142,984 கிலோமீட்டர். துருவத்துக்குத் துருவம் 133,708 கிலோமீட்டர். 5 செண்டிமீட்டர் அகலத்தில் வரைந்தால் உயரம் 4.7 செண்டிமீட்டர்தான் வரவேண்டும். வட்டத்துக்குள் வரைந்தால் எல்லாப் பட்டைகளும் இடம் மாறி உட்காரும். அட்டையில் ஒரு அச்சு வெட்டி வைத்துக்கொண்டு, வீட்டிலேயே பத்து வெற்று உருவங்களைப் போட்டு எடுத்துப் போங்கள்.

பார்க்கும் முன்பே வரைவது

முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடாதீர்கள். காற்று நிலையாகும் அந்த ஒன்றிரண்டு விநாடிகளில் மட்டுமே நுணுக்கம் வெளியே வரும். கண் அதற்குக் காத்திருக்கப் பழக வேண்டும்.

தொடங்கியபின் தாமதிக்கவும் முடியாது. வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. பத்து நிமிடத்தில் ஆறு பாகை நகர்ந்துவிடும். கால் மணி நேரத்துக்குள் முக்கியமானவற்றின் இடத்தைக் குறித்துவிட வேண்டும். முதலில் பட்டைகளின் ஓரங்கள், அப்புறம் மறையப்போகும் விளிம்பில் இருப்பவை, பிறகு நடுவில் இருப்பவை. நிழலும் நயமும் கடைசியில். பலர் ஒரு சுழலை அழகாக வரைந்து முடித்துவிட்டு அடுத்ததற்கு வரும்போது கோள் வேறு முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குப் போய்த் திருத்துவது

2010ஆம் ஆண்டு ஜூலை. பள்ளிக்கூட நாள்களில் வாங்க முடியாமல் போன தொலைநோக்கியை வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் வாங்கியிருந்தேன். ஆறு அங்குல டாப்சோனியன், கையால் திருப்பும் எளிய கண்ணாடித் தொலைநோக்கி. வியாழன் அப்போது நள்ளிரவுக்குப் பிறகுதான் நல்ல உயரத்துக்கு வரும். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து மாடிக்குப் போவேன். அப்படி ஐந்து விடியல்கள், ஐந்து ஓவியங்கள்.

ஐந்திலும் ஒரே ஒரு கருமையான பட்டைதான் இருந்தது. வடக்குப் பக்கம் மட்டும். தெற்கே இன்னொரு பட்டை இருக்க வேண்டிய இடம் வெளேரென்று கிடந்தது. என்னிடம் இருந்த புத்தகத்தில் எல்லாப் படத்திலும் இரண்டு பட்டைகள். வியாழன் என்றாலே இரண்டு பட்டை என்றுதான் சின்ன வயதிலிருந்தே தெரியும். சரி, என் கண்தான் சரியில்லை, அல்லது தொலைநோக்கியின் கண்ணாடி சரியாகப் பொருந்தவில்லை என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஐந்து ஓவியங்களிலும் இரண்டாவது பட்டையைச் சேர்த்தேன். 4பி பென்சிலால் அழுத்தி, விரலால் தேய்த்து, ஓரங்களில் சுழல்கள்கூடப் போட்டேன்.

அந்த ஆண்டு வியாழனின் தெற்கு நடுக்கோட்டுப் பட்டை உண்மையிலேயே மங்கி மறைந்திருந்தது. மே மாதத்திலேயே உலகம் முழுக்க இருந்த கோள் ஆர்வலர்களுக்கு அது தெரியும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்படி நடக்கும். அந்தப் பட்டை திரும்பி வரும் முதல் அறிகுறியான வெள்ளைக் கொப்பளிப்பை அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி படம் பிடித்தவர் பிலிப்பீன்ஸின் செபு நகரில் இருக்கும் கிறிஸ்டபர் கோ என்ற அமெச்சூர் வானியலாளர். நம் நேர மண்டலம், நம் வானம் போன்ற வானம். அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. என் தொலைநோக்கி சரியாக இருந்தது. என் கண்ணும் சரியாக இருந்தது. நான் பார்த்ததை நானே அழித்திருந்தேன்.

இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. அழிந்தது பட்டை இருந்ததா இல்லையா என்ற செய்தி மட்டும் இல்லை. அந்த வெள்ளைப் பரப்பில் நான் சின்னச் சின்னதாக ஏதோ குறித்திருந்தேன். ஒரு மங்கல் கோடு, இரண்டு புள்ளிகள். அவை என்ன, எங்கே இருந்தன என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. பென்சிலின் அடியில் புதைந்துவிட்டன.

இதைவிட மோசமான ஒன்று அடுத்த மாதம் நடந்தது. ஆகஸ்டில் தொலைநோக்கியில் பார்க்கும்போதே இரண்டாவது பட்டை லேசாகத் தெரிவதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அதையும் வரைந்தேன். மேசையில் செய்த திருத்தம் கண்ணுக்குள் ஏறிவிட்டது. ஒருமுறை திருத்தப் பழகினால் பிறகு பார்வையே திருத்திக்கொண்டுதான் வரும்.

கண் தானாகவே ஏமாறும் என்பதைச் செவ்வாய் ஏற்கெனவே காட்டியிருக்கிறது. 1877இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் நேர்கோடுகளை வரைந்தார். அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவெல் அவற்றை அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்றார். 1903இல் இங்கிலாந்தின் கிரீனிச்சில் மாண்டர் என்ற வானியலாளர் ஒரு சோதனை செய்தார். கோடே இல்லாத, புள்ளிகளும் கறைகளும் மட்டும் உள்ள ஒரு வட்டத்தைப் பள்ளிச் சிறுவர்கள் முன்னால் வைத்து, தெரிவதை வரையச் சொன்னார். குறிப்பிட்ட தூரத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள் கோடுகளை வரைந்தார்கள். 1909இல் ஆன்டோனியாடி என்ற வானியலாளர் பாரிஸ் அருகே மூடோன் வானாய்வகத்தில் இருந்த 83 செண்டிமீட்டர் தொலைநோக்கியில் பார்த்தபோது கோடுகள் கலைந்து திட்டுத் திட்டாகப் பிரிந்தன.

அந்தப் பையன்கள் பொய் வரையவில்லை. தெரிந்ததை வரைந்தார்கள். அதனால்தான் கண் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்தத் தாள்களிலிருந்து மாண்டரால் எடுக்க முடிந்தது. நேர்மையாக வரைந்த தவறான ஓவியத்தில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. மேசையில் திருத்திய ஓவியத்தில் எது கண் பார்த்தது, எது புத்தகம் சொன்னது என்று பிரிக்கவே முடியாது.

இப்போது நான் செய்வது இதுதான். மாடியில் வரைந்த தாளை லிப்டில் ஏறும் முன்பே கைப்பேசியில் படம் எடுத்துவிடுகிறேன். அதன்பின் அந்தத் தாளைத் தொடுவதில்லை. அழகாக வேண்டும் என்றால் இன்னொரு தாளில் படி எடுக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஒவ்வொரு அம்சத்துக்குப் பக்கத்திலும் ஓரத்தில் ஒரு எண். 1 என்றால் உறுதியாகத் தெரிந்தது, 2 என்றால் அவ்வப்போது தெரிந்தது, 3 என்றால் சந்தேகம். சந்தேகமாக இருப்பதை அழிக்காதீர்கள். 3 போடுங்கள்.

அந்த மாணவியிடமும் இதைச் சொன்னேன். "அப்ப தப்பா இருந்தா பரவாயில்லையா ஆண்ட்டி?" என்று கேட்டாள். தப்பா இல்லையா என்று இப்போது அவளாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

கைப்பேசி

வரைந்து முடிக்கும்வரை பைக்குள் இருக்கட்டும். வியாழனின் பெரிய புயலான சிவப்புப் பொட்டு எத்தனை மணிக்கு நடுவுக்கு வரும் என்று செயலியில் பார்த்துவிட்டு ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) கண் வைத்தால் அது கட்டாயம் "தெரியும்".

நேரம்

நேரம் எழுதாத ஓவியம் வெறும் படம். வியாழனுக்கு நிமிடம் வரை வேண்டும். எல்லா ஊருக்கும் பொதுவான உலக நேரத்தில் (UT) எழுதுங்கள். நம் நேரத்திலிருந்து எட்டு மணியைக் கழித்தால் போதும். சறுக்குவது தேதியில்தான். இங்கே 15ஆம் தேதி விடியற்காலை 3 மணி என்றால் உலக நேரத்தில் 14ஆம் தேதி இரவு 7 மணி. மணியை மாற்றிவிட்டுத் தேதியை மாற்ற மறந்தால் வியாழன் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுத் தள்ளி நிற்கும். எதிர்ப்பக்கத்து முகம்.

எது வடக்கு

வெளிநாட்டு வழிகாட்டிகளில் "தெற்கு மேலே இருக்கும்" என்று படித்துவிட்டு அப்படியே குறிக்கிறார்கள். ஐரோப்பாவில் இருப்பவருக்குக் கோள்கள் எப்போதும் தெற்கு வானில்தான் வரும். நமக்கு அப்படி இல்லை. 2020இல் தனுசு ராசியில் வியாழன் இருந்தபோது தெற்கே பார்த்து நின்றோம். இப்போது மிதுனத்தில் இருப்பதால் வடக்கே பார்த்து நிற்கிறோம். ஆள் திரும்பினால் படமும் திரும்பிவிடும். போதாததற்கு, நியூட்டோனியன் தொலைநோக்கி (டாப்சோனியனும் இந்த வகைதான்) தலைகீழாகக் காட்டும். பார்க்க வசதியாக ஒளியைத் திருப்பிவிடும் மூலைக்கண்ணாடி போட்ட தொலைநோக்கி இடம் வலம் மாற்றிக் காட்டும்.

மனப்பாடம் உதவாது. ஒவ்வொரு இரவும் சோதித்துவிடுங்கள். மோட்டார் இருந்தால் நிறுத்துங்கள். கோள் எந்தப் பக்கம் நழுவி ஓடுகிறதோ அதுதான் மேற்கு. வியாழனின் அம்சங்களும் அதே விளிம்பில்தான் மறையும், அதனால் முதலில் வரைய வேண்டிய பக்கமும் அதுவே. பிறகு குழாயை வடக்குப் பக்கம் லேசாகத் தள்ளுங்கள். புதிய வானம் எந்த ஓரத்திலிருந்து உள்ளே வருகிறதோ அது வடக்கு. இரண்டையும் அம்புக்குறியாகத் தாளில் போட்டுவிட்டால் தொல்லை விட்டது.

ஏர்கான் அறை

தொலைநோக்கியை அங்கே வைக்காதீர்கள். வெளியே கொண்டுவந்த நிமிடமே ஐபீஸில் பனி படியும்.

தெரிந்த சனி

சென்ற நவம்பரில் ஒரு தம்பி அகலமான வளையத்தோடு சனியை வரைந்து காட்டினார். வளையத்தைப் பிரிக்கும் கருமையான காசினி இடைவெளிகூட சுற்றிலும் தெளிவாக இருந்தது. 2025 மார்ச்சில் வளையம் விளிம்புப் பக்கமாகத் திரும்பியது. நவம்பரிலும் ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரிந்தது. அவர் ஐபீஸில் கண் வைத்துக்கொண்டேதான் வரைந்தார், நானே பார்த்தேன். கை மட்டும் வேறு எதையோ வரைந்தது.

அன்று சனி இரவு ஒன்பது மணிவாக்கில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நின்றது. டாப்சோனியனில் அந்த இடத்தில் குழாயைத் திருப்புவதே பாடு. கோளைத் துரத்துவதில் பாதிக் கவனம் போய்விடும். உச்சிக்கு வரும் முன் ஒரு மணி நேரமோ வந்து கடந்த பின்போ வரையுங்கள். இந்த ஊரில் அப்போதும் கோள் போதுமான உயரத்தில்தான் இருக்கும்.

ஈரத் தாள்

மெல்லிய தாள் இரவு பத்து மணிக்கே ஈரத்தில் தளர்ந்துவிடும். பென்சில் பிடிக்காமல் வழுக்கும், அழுத்தினால் கீறும். கனமான ஓவியத் தாள் வாங்குங்கள். உள்ளங்கைக்கு அடியில் டிஷ்யூ ஒன்று. முடித்த தாள்களைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். என் 2010ஆம் ஆண்டுத் தாள்கள் ஐந்தும் அப்படி ஒரு பெட்டியில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பேனாவால் "தெற்குப் பட்டை வீட்டில் சேர்த்தது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.