கடைக்காரர் மேல் கேஸ் போட வந்தால் நாம் செய்யும் தவறுகள்

இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கல்லாவை எண்ணிக்கொண்டிருக்கும்போது ரோந்து வண்டி வந்து நிற்பது பெட்டிக்கடை, டீக்கடை, செல்போன் கடை நடத்துகிற யாருக்கும் புதிதில்லை. கடைக்காரர் மேல் கேஸ் எழுதுவது ஸ்டேஷனுக்குச் சுலபம். ஆள் எங்கேயும் ஓடிவிட மாட்டார், முகவரி போர்டிலேயே இருக்கிறது. அதே கடையின் பூட்டை உடைத்துத் திருடியவனைப் பிடிக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். குட்கா விஷயத்தில் இதை நன்றாகவே பார்த்தோம். 2016-ல் வருமான வரித்துறை சோதனையில், அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்ததாகக் கணக்கு எழுதிய டைரி ஒரு குட்கா தயாரிப்பாளரிடம் சிக்கியது, 2018-ல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட வேண்டி வந்தது. சீல் வைக்கப்படுவது என்னவோ தெருமுனைப் பெட்டிக்கடைதான். இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது மாறும்வரை நாம் பிழைக்க வேண்டும்.

முதல் தவறு, சாலையில் நின்று வாய் கொடுப்பது. சில நூறு ரூபாய் அபராதத்தோடு போக வேண்டியது, குரல் உயர்ந்த அடுத்த நிமிடம் "ஆபாசமாகத் திட்டினார், பணி செய்யவிடாமல் தடுத்தார், கொலை மிரட்டல் விடுத்தார்" என்று மாறிவிடும். பணி செய்யவிடாமல் தாக்கியதாக வரும் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 353, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 132) ஜாமீனில் வர முடியாதது, 2 ஆண்டு வரை சிறை.

நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் இப்படி எழுதப்படலாம், அதனால்தான் இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது: கேமரா பதிவை எடுத்து வைக்காமல் விடுவது. சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று செல்போன் கடை நடத்திய ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் ஊரடங்கு நேரத்தை மீறியதாகப் பிடித்துப் போனார்கள், சில நாட்களுக்குள் இருவரும் இறந்துபோனார்கள். அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் காயம் ஏற்பட்டதாக எஃப்.ஐ.ஆரில் எழுதியிருந்தது. அது பொய் என்று ஊருக்குக் காட்டியது பக்கத்துக் கடை சிசிடிவி. ஸ்டேஷன் கேமராவின் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். நம் கடை கேமரா பதிவாகும் பெட்டியிலும் (டிவிஆர்) பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டேதான் இருக்கும். சம்பவம் நடந்த அன்றே பென் டிரைவில் எடுத்து, ஒரு பிரதியை வேறு ஒருவர் வீட்டில் வைத்துவிடுங்கள். அக்கம்பக்கத்துக் கடைகளிலும் அன்றே கேளுங்கள்.

அப்புறம் கையெழுத்து. வெற்றுத் தாளில் போடவே கூடாது, அது தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாதது, விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதே இல்லை, சட்டமே அதைத் தடுக்கிறது. பொருளை எடுத்தால் அந்தப் பட்டியல் வேறு விஷயம். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். தேடுதலையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. விற்பனைச் சான்றிதழ் வாங்கிய தள்ளுவண்டிக்காரர்களுக்கு 2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்தில் இன்னும் தெளிவான பாதுகாப்பு இருக்கிறது: உள்ளாட்சி எடுத்துப்போன சரக்கில் அழுகக்கூடியதை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும், மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள். எதை எடுத்தார்கள் என்று காகிதம் இல்லாவிட்டால் இந்த உரிமையால் பயனில்லை.

"ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க" என்று போனில் சொன்னதும் தனியாகக் கிளம்பாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் காரணத்தைப் பதிவு செய்யாமல் கைது செய்யக் கூடாது, பெரும்பாலும் விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸ்தான் தர வேண்டும், அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சாட்சியாக மட்டும் கூப்பிட்டால் பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும். கல்லாவில் உட்காரும் அம்மாவை ஸ்டேஷனுக்கு அனுப்பாதீர்கள்.

"அப்பா வாங்கிட்டு வரச் சொன்னார்" என்று வரும் பையனிடம் சிகரெட் கொடுப்பதை எல்லாரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்றால் அபராதம் 200 ரூபாய் வரைதான். ஆனால் சிறுவர் கையில் புகையிலை கொடுத்தால் சிறார் நீதிச் சட்டத்தில் 7 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். கடைப் பையனுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைக்காகவும்தான்.

நான் அதிகம் பார்த்த தவறு கோர்ட்டில் நடப்பது. "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வாங்க, அதோட முடிஞ்சுது" என்பார்கள். ஒருநாள் வியாபாரம் போகிறதே என்று நாமும் தலையாட்டிவிடுவோம். ஒத்துக்கொண்டால் அது தண்டனை பெற்றதாகவே பதிவாகும், அடுத்த கேஸில் அதையே எடுத்துக் காட்டுவார்கள். என்ன பிரிவு என்று எஃப்.ஐ.ஆரைப் படிக்காமல் தலையாட்டாதீர்கள், பெரும்பாலான எஃப்.ஐ.ஆர்களைக் காவல்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். அரசு ஊழியர் உத்தரவை மீறியதாக மட்டும் போடப்பட்ட கேஸ் என்றால் (பழைய 188, இப்போது 223) கண்டிப்பாக வக்கீலைப் பாருங்கள். அந்தப் பிரிவில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர் போட முடியாது என்று 2018-லேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து சம்மனை டிராயரில் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. போகாமல் விட்டால் வாரண்ட் வரும், அது பெரும்பாலும் கடையில் கூட்டம் இருக்கும் நேரத்தில்தான் வரும். 15100-க்குப் போன் செய்தால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள்.